சக்கர கம்மியா எட்டு டீ

இதை எழுதச் சொன்னது என் மகள் பிரின்சி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து வந்தவர்களிடம் பரம்பரை வியாதி என்றேன். கம்பெனி ஆட்களிடம் ஆணி குத்திவிட்டது என்றேன். பக்கத்து வீட்டம்மாவிடம் எல்லாம் நேரம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், அவர்கள் போனதும் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"நடந்தத நடந்த மாதிரி ஒரே ஒரு தடவ எழுதிடுப்பா. இனிமே வர்றவங்க கையில அத குடுத்துடலாம். நீயும் கத கட்ட வேணாம், நாங்களும் கேக்க வேணாம்."

பதினேழு வயசுக்கு என்ன வாய் பாருங்கள். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால் எழுதுகிறேன். படிப்பவர்கள் என்மேல் பரிதாபப்பட வேண்டாம். அதற்கான ஆள் நான் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் பெயர் ஜெயசீலன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. தைத்து, ஒட்டி, பாலீஷ் போட்டு முடித்த ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகத் தொடுகிற கை என்னுடையது. ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, விரல் நுனியால் அடிப்பகுதி முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். அச்சில் வைத்து அடிக்கும்போது போடுகிற சின்ன ஆணி சில நேரம் உள்ளேயே தங்கிவிடும். வெளிநாட்டில் யாரோ முகம் தெரியாத ஒருவன் பாதத்தில் அது ஏறக்கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. ஆம்பூரில் நான் வழக்கமாகப் போகிற டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடக்கச் சொன்னார். கடைசியாக, "சக்கரைய கம்மி பண்ணிக்குங்க" என்றார்.

கம்மி. எங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு அளவே கிடையாது. காய்கறிக்காரனிடம் விலையைக் கம்மி பண்ணச் சொல்வோம், அவன் ஒரு ரூபாயைக் குறைத்தாலும் கம்மிதான், பாதியைக் குறைத்தாலும் கம்மிதான். நான் அந்த வார்த்தையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா வேறொரு கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறாள். அவளுக்கு எதிலும் பாதி வேலை பிடிக்காது. அன்றைக்குச் சாயங்காலமே வீட்டிலிருந்த சக்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். "அவருக்கு ஒரு டீ, நமக்கு ஒரு டீன்னு இருந்தா அவருக்கு ஆச வரும்" என்று சொல்லி, அவளும் பிரின்சியும்கூட அன்று முதல் சக்கரை இல்லாத டீதான் குடித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் செய்கிற கல்கலா என்ற இனிப்புப் பலகாரத்துக்கு எங்கள் தெருவில் தனி மரியாதை உண்டு. அந்த வருஷம் செய்யவில்லை. அதற்கடுத்த வருஷமும் செய்யவில்லை. தெருக்காரர்கள் கேட்டதற்கு மாவு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்றால், கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருக்கிற பாய் கடையில் டீ குடித்தேன்.

முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், "எனக்கு சக்கர கம்மி." சொன்னதும் மனசில் ஒரு நிம்மதி. டாக்டர் சொன்னபடி நடக்கிறேன் அல்லவா? முன்னால் நாளைக்கு மூன்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்மி ஆன பிறகு நாலு குடித்தால் என்ன என்று தோன்றியது. அப்புறம் ஐந்து. என் தோஸ்த் நதீம் பேக்கிங்கில் இருக்கிறான். எங்கள் பக்கம் டீக்கடைக்குத் தனியாகப் போகிற வழக்கம் இல்லை. ஒருத்தன் வாங்கிக் கொடுத்தால் அடுத்தவன் வாங்கிக் கொடுக்க வேண்டும், நாலு பேர் போனால் நாலு சுற்று வரும். இப்படியே எட்டில் போய் நின்றது. எல்லாமே கம்மிதான். கூடவே டீயில் தொட்டுக்கொள்ள ஒரு வர்க்கி பிஸ்கட். வர்க்கியை நான் இனிப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கம்பெனியில் கற்ற வித்தை இருந்தது.

வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே தயாராகிவிடுவோம். சுமாரான ஜோடிகள் பின்னால் உள்ள அறைக்குப் போய்விடும். அவர் கை எட்டுகிற இடத்தில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் பொறுக்கி எடுத்தவையாக இருக்கும். அவர் பார்ப்பார், தலையாட்டுவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். டாக்டரிடம் நான் செய்ததும் அதுதான். ரத்தம் கொடுக்க மூன்று நாள் முன்னாலிருந்து டீ கிடையாது, சோறு பாதி, காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடை. ரிப்போர்ட் பொறுக்கி எடுத்த ஜோடி மாதிரி வரும். "பரவால்லியே, நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்க" என்று டாக்டர் என் தோளில் தட்டுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, எடுக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டார். "இதுவே நல்லாதான வருது டாக்டர், அது எதுக்கு" என்று தட்டிக்கழித்தேன். நல்லவர், நம்பினார். ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையைக்கூடக் குறைத்தார். நான் வெற்றிபெற்றவன்போல வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் காட்டினேன். அவள் அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்தாள்.

காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "அண்ணே, செருப்பு அங்கியே கெடக்குது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி வந்திருக்கிறேன். ஊருக்கே காலணி சோதிக்கிறவன்! சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்து கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஷூக்களை எங்களுக்கே குறைந்த விலையில் கொடுத்தார்கள். நான் ஒரு கறுப்பு ஜோடியை எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஷூவுக்குள் கையை விட்டிருப்பேன், எனக்கென்று எடுத்த ஷூவுக்குள் விடவில்லை. திங்கட்கிழமை போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா துணி துவைக்க சாக்ஸை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது? ரத்தமா? ஒரு மாதிரி நாத்தம் வேற அடிக்குது."

காலைத் தூக்கிப் பார்த்தோம். இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. சுற்றிலும் வெளுத்து, அதற்கப்பால் சிவந்து வீங்கியிருந்தது. ஷூவுக்குள் பிரின்சி டார்ச் அடித்துப் பார்த்து ஆணியைக் காட்டினாள். நாலு நாள் அதன்மேல் நின்று வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. வலித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆம்பூர் டாக்டர் காலைப் பார்த்ததும் உடனே வேலூருக்குப் போகச் சொன்னார். என் மச்சான் குறுக்கே வந்தான். "வேலூர்லாம் போவாதீங்க மாமா, போனா கால எடுத்துடுவாங்க. ஒடுகத்தூர்ல ஒருத்தர் பச்சிலை கட்டறாரு, எத்தினி பேருக்கு சரியாப் போயிருக்குது." உண்மையைச் சொன்னால் எனக்கும் அங்கே போகத்தான் ஆசை. பச்சிலை கட்டுகிறவர் ரத்தம் எடுக்க மாட்டார். ஸ்டெல்லா, தம்பி பேசி முடிப்பதற்குள், பையில் இரண்டு துண்டும் ஒரு சொம்பும் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் காத்திருப்பதைப் பற்றித் தனியாக ஒரு நோட்டு எழுதலாம். டோக்கன், ஒரு வரிசை, இன்னொரு டோக்கன், இன்னொரு வரிசை. என் பக்கத்தில் கல்கத்தா பக்கத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கும் காலில் கட்டு. பாஷை தெரியாது. அவர் என் காலைக் காட்டி, டீ குடிப்பதுபோலக் கையை வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார். நான் பலமாகத் தலையாட்டி இல்லை என்றேன். அவரிடம் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? பழக்கம்.

முதலில் ஓர் இளம் பெண் டாக்டர் நைலான் நரம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அந்த நரம்பால் பாதத்தில் அங்கங்கே லேசாக அழுத்துவார்கள், தெரிகிறபோது 'ஆமா' என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் நரம்பு செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி இது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, கொஞ்ச நேரம் விட்டு விட்டு, "ஆமா" என்றேன். மறுபடி, "ஆமா." மறுபடி, "ஆமா."

"ஐயா, கண்ணத் தொறங்க" என்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். நான் பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த மூன்று மாத டெஸ்ட் ரிசல்ட் வந்தது. டாக்டர் அதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணுக்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளுமாம். ஓர் அணு ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும். அதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதமாக ஆள் எப்படி இருந்தான் என்று தெரிந்துவிடும். முந்தின மூன்று நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. பின்னால் அறையில் ஒளித்து வைத்ததையெல்லாம் அது வெளியே இழுத்துப் போடுகிறது. ஸ்டெல்லா பைபிளிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய ரிப்போர்ட்டுகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் நிமிர்ந்தார். "இதுல ஒண்ணுதான் உங்க ரத்தம். எது?"

நான் லேப்காரன் மாற்றி எழுதியிருப்பான் என்றேன். ஸ்டெல்லா அதையும் நம்பினாள்.

அன்று மத்தியானம் பெரிய டாக்டர் வந்தார். காயத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். அது எலும்பில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, வலி மட்டும் வரவில்லை. எலும்புவரை சீழ் போயிருக்கிறது, கட்டைவிரல் போகும் என்றார். பிறகு ஒரு பேனாவை எடுத்து, பாதத்தில் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே சுற்றிலும் கோடு போட்டார். "ஊசி மருந்து ஏத்தறோம். இந்தக் கோட்டுக்குள்ள சிவப்பு நின்னுச்சுன்னா பாதம் உங்களுக்கு. கோட்டத் தாண்டி மேல ஏறுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும். ரெண்டு நாள் பாப்போம்."

கம்பெனியில் குறை இருக்கிற இடத்தில் நான் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதைப் பார்த்து அந்த ஜோடியைத் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். இப்போது அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நின்று செய்கிற வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் இல்லை. ஸ்டெல்லா மணிக்கொரு தரம் வந்து குனிந்து கோட்டைப் பார்ப்பாள். "தாண்டலிங்க" என்பாள். சம்பளம் இல்லாத லீவு, பிரின்சியின் காலேஜ் எல்லாம் அவள் தலையில் இருந்திருக்கும். ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் சக்கரை போட்ட டீதான் கிடைக்கும் என்று வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நோட்டு முழுமையாகாது. கம்பெனியிலிருந்து எச்.ஆர். ஆள் ஒரு டப்பா ஸ்வீட்டோடு வந்தார், சர்க்கரை வியாதிக்காரனைப் பார்க்க. ஷூவில் ஆணி இருந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று போனார். எதிர்க் கட்டில்காரரின் சம்பந்தி வெந்தயத்தின் மகிமையை அரை மணி நேரம் சொன்னார். யாருக்கும் என் காலைப் பார்க்கத் தைரியம் இல்லை. வாய் மட்டும் எல்லாருக்கும் இருந்தது.

நதீம் வந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்டெல்லாவுக்கென்று வீட்டில் சோறு கட்டி எடுத்து வந்திருந்தான். அவன் உட்கார்ந்திருக்கும்போதுதான் உணவுமுறை சொல்லிக் கொடுக்கிற மேடம் ஒரு ஃபாரத்தோடு வந்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், மத்தியானம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஸ்டெல்லாவே பதில் சொன்னாள். ராகி, கீரை, கைக்குத்தல் அரிசி. சொல்லும்போது அவள் குரலில் ஒரு கம்பீரம் இருந்தது.

"டீ எத்தன?"

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டும் சக்கர இல்லாம மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "மூணு வருஷமா வூட்ல சக்கரையே கெடையாது."

நதீம் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னான். டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "டேய் தோஸ்த், ஆஸ்பத்திரில போயி இன்னாத்துக்கு மறைக்கிற? பாய் கடையிலயே எட்டு ஆவுமே. ஆனா மேடம், எட்டும் சக்கர கம்மிதான். மாஸ்டரே சாட்சி."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "கம்மின்னா எவ்ளோ? ஒரு ஸ்பூனா?"

நதீம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எட்டு தடவ ஒவ்வொரு ஸ்பூன் போட்டா, மொத்தத்துல அது கம்மி இல்லைங்க" என்றார் மேடம். ஃபாரத்தில் எதையோ அடித்துத் திருத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நதீமும் ஏதோ உளறிவிட்டு எழுந்து போனான்.

ஸ்டெல்லா டிபன் கேரியரைத் திறந்து மூடினாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எட்டு டீ குடிச்சியா நீ?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சண்டையில்கூட அவள் என்னை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. அந்த 'நீ' எனக்கு உறைத்தது. செத்துப்போன பாதத்தில் ஏறாத வலி மனசில் ஏறியது.

"கம்மியாத்தான்..." என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.

"பிரின்சி பர்த்டேக்கு ரெண்டு வருஷமா கேக் வாங்கல. நீ பாத்தா ஆசப்படுவியேன்னு அதுவே வேணாம்னு சொல்லிச்சு. கொழந்த அது. எங்க ரெண்டு பேர் நாக்கையும் கட்டிப் போட்டுட்டு நீ ரோட்ல குடிச்சிருக்க." குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. எழுந்து வந்து, குனிந்து, காலில் கோட்டைப் பார்த்தாள். "தாண்டல" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

கோடு தாண்டவில்லை. கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின, பாதம் நின்றது. டாக்டர்கள் வந்து சந்தோஷமாகக் கை கொடுத்தார்கள். அதன்பிறகு பதினோரு நாள் புண்ணைச் சுத்தம் செய்வதும் கட்டு மாற்றுவதும் இன்சுலின் ஊசியும். ஸ்டெல்லா ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பல் தேய்க்கத் தண்ணீர் கொண்டுவந்தாள், முதுகு துடைத்தாள், ஊசி போடக் கற்றுக்கொண்டாள். பேச்சுதான் கம்மி. அந்த வார்த்தையின் அளவு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் குறைவு. இப்போது காலில் இருப்பது ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த மெத்துமெத்தென்ற ரப்பர் செருப்பு. வலது பாதத்திலும் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தினமும் இரண்டு பாதத்தையும் அடிவரை பார்க்க வேண்டும், ஒரு கொப்புளம் போதும் மறுபடி ஆரம்பிக்க என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

நான் இப்போது பொய் சொல்வதில்லை. அதை யாரும் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. முந்தாநாள் வேலை முடிந்து பாய் கடையில் நதீமோடு உட்கார்ந்தேன். ஒரே ஒரு டீ, சக்கரை சுத்தமாக இல்லாமல். மாஸ்டர் போடுவதை எழுந்து நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் நானாகவே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் போட்டபடி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலையிலயே நானே கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன், ஸ்டெல்லா. ரெண்டு கால்லயும் ஒண்ணும் இல்ல. சத்தியமா."

"நீ சொல்லாத" என்றாள். "காட்டு."